சாம்பிள் கேன்

மார்ச் 3, திங்கள்

உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதப்போகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்து, "நான் அப்போதே நினைத்தேன்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தேதியோடு எழுதி வைத்தால் நம்பித்தான் ஆக வேண்டும்.

படிக்கப்போகிறவர்களுக்காக: என் பெயர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்து நான்கு. காங்கயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பால் கம்பெனியில் தயிர்ப் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து பதினான்கு வருடமாக இருக்கிறேன். எங்கள் கப் தயிரைத் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். அது எதனால் என்று எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது.

பிப்ரவரியில் எங்கள் பன்னீர் ஒரு லோடு ஓட்டல்காரர்களிடமிருந்து திரும்பி வந்தது. லிஸ்டீரியா என்ற கிருமி இருந்ததாம். ஃபிரிட்ஜில் வைத்தாலும் வளருமாம், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஆகாதாம். முதலாளி பரமேஸ்வரன் என்ன செய்திருக்க வேண்டும்? பன்னீர்ப் பிரிவைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு பெண்ணை வரவழைத்து ஆய்வகத்தில் உட்கார வைத்துவிட்டார். முப்பது வயது இருக்காது. அவள் பெட்டிக்குள் கொண்டுவந்திருப்பது வைரஸ். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ், பெயர் ஃபேஜ். அதைப் பன்னீர் மேல் தெளிக்கப்போகிறாளாம்.

என்னைப் பார்த்ததும் "வணக்கம் அண்ணாச்சி" என்றாள். நான் என்ன மளிகைக் கடையா வைத்திருக்கிறேன்?

மார்ச் 4, செவ்வாய்

அவள் வைரஸ் பாட்டில்களை வைத்திருக்கும் ஃபிரிட்ஜுக்குப் பூட்டு இல்லை. குறித்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

காலை ஆறு மணிக்குள் என் வழக்கமான வேலையை முடித்துவிட்டேன். அது இந்த டைரிக்குத் தேவையில்லாத விஷயம்.

இன்று தெளிக்க ஆரம்பித்துவிட்டாள். பன்னீரைக் கட்டி கட்டியாக வெட்டி டிரேயில் அடுக்கியதும், ரோஜாச் செடிக்கு அடிப்பதுபோல ஒரு சின்னத் தெளிப்பானால் புஸ் புஸ் என்று அடிக்கிறாள். பார்த்தால் வெறும் தண்ணீர். வாசனைகூடக் கிடையாது. வாசனை இல்லாத எதையும் நான் நம்புவதில்லை.

"இது தயிர்ப் பக்கம் வந்துருச்சுன்னா என்னாகும் அம்மிணி? தயிருமே பாக்டீரியாதானுங்க" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. ஒவ்வொரு ஃபேஜுக்கும் ஒரே ஒரு ஜாதிக் கிருமிதான் இரை. இது லிஸ்டீரியாவைத் தேடிப் போகும், அது தீந்துட்டுன்னா தானும் தீந்துரும். தயிர்க் கிருமி பக்கத்துலயே இருந்தாலும் ஏறிட்டுப் பாக்காது."

"அப்ப தயிர்க் கிருமியைத் திங்கறதும் ஒண்ணு இருக்குமில்லீங்க?"

"இருக்கும். பச்சைப் பால்லயே இருக்கும். நான் கொண்டுவந்தது அது இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மதியம் பார்த்தால், பால் இறக்கும் கொட்டகைக்குப் பின்னால் குனிந்து சாக்கடைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டிருக்கிறாள்! உணவுப் பொருள் தயாரிக்கும் இடத்துக்குள் சாக்கடைத் தண்ணீர். கேட்டதற்கு, "நல்ல ஃபேஜ் எல்லாம் சாக்கடையிலதான் அண்ணாச்சி கிடைக்கும்" என்கிறாள். இதை எழுதிய நேரம் மாலை ஐந்தரை.

மார்ச் 10, திங்கள்

இரண்டாம் தொட்டி சரியாக உறையவில்லை. ஐந்து மணி நேரத்தில் கத்தியால் வெட்டும் பதத்துக்கு வர வேண்டியது, எட்டு மணி நேரம் ஆகியும் கஞ்சி மாதிரி கிடந்தது. பதினான்கு வருடத்தில் இப்படி ஒரு நாள் இல்லை.

தெளிக்க ஆரம்பித்து நாலே நாள். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு தொட்டிகளும். மோர்கூடச் சொல்ல முடியாது, பால் மாதிரி. கொட்டச் சொன்னேன். தொட்டி கழுவும் மயிலாத்தாள் "என்னங்ணா, யாரு கண்ணு பட்டுச்சோ" என்றாள். கண் எல்லாம் இல்லை, தெளிப்பான்தான் என்றேன். சாப்பாட்டு நேரத்துக்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

முதலாளி அறையில் கூட்டம். நான் நேரடியாகவே சொன்னேன், தேதிகளையும் சொன்னேன். டைரி வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் தெரிந்தது.

ஜெசிந்தா கோபப்படவில்லை. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. தப்பு செய்யாதவளாக இருந்தால் கோபம் வர வேண்டாமா? ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "தயிர்த் தொட்டிக்குள்ள என்னென்ன போடுதீங்க அண்ணாச்சி, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள்.

"பாலு, பால் பவுடரு, பாக்கெட் கல்ச்சரு. மூணேதான்" என்றேன்.

பாக்கெட் கல்ச்சர் என்பது உறைமோருக்குப் பதிலாக வெளியிலிருந்து வாங்கும் உறை. தினம் ஒரு புதுப் பாக்கெட் வெட்டிப் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. தினம் வெட்டிப் போடுகிறோம். நான் சொன்னதில் பொய் இல்லை.

கேனைப் பற்றிச் சொல்லவில்லை. அது போடுகிற பொருள் இல்லை, என் சொந்த விஷயம். எப்படியும் இந்த டைரியை நான் காட்ட நினைத்தால் ஒழிய யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல், ஒரு தொட்டி முழுக்கக் கண்டபடி உறைந்துவிட்டது. கொட்டச் சொன்னார்கள். கொட்டும் முன் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு தயிரை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. புளிப்பு கடைசியில்தான் வரும், அதற்குள் நாக்கில் ஒரு தித்திப்பு. ஐந்து லிட்டர் கேனில் எடுத்து வைத்து 'சாம்பிள் – தொடாதே' என்று எழுதி கோல்ட் ரூம் மூலையில் வைத்தேன். அன்றிலிருந்து தினம் காலை கேனிலிருந்து இரண்டு லிட்டர் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து இரண்டு லிட்டர் கேனுக்கு. எங்கள் தயிரின் பெயர் அந்தக் கேனிலிருந்து வந்தது. வளர்மதிக்குக்கூட, என் மனைவிக்கு, நான் சொன்னதில்லை.

மார்ச் 14, வெள்ளி

ஜெசிந்தா சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் ஆய்வகத்துக்குள் போனேன். பூட்டாத ஃபிரிட்ஜ். அவளுடைய தெளிப்புத் தண்ணீரில் கொஞ்சம் ஒரு கண்மருந்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். திருட்டு இல்லை. ஆதாரம்.

மார்ச் 16, ஞாயிறு

விஞ்ஞானம் அவளுக்கு மட்டும் சொந்தமா? காலை ஒன்பது மணிக்கு வீட்டிலேயே பாலைக் காய்ச்சி ஆற வைத்தேன். மூன்று டம்ளர். மூன்றிலும் பாக்கெட் கல்ச்சர். முதல் டம்ளரில் வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவதில் அவளுடைய வைரஸ் தண்ணீர். மூன்றாவதில், அந்த வைரஸ் இல்லாமல், என் கேனிலிருந்து ஒரு கரண்டி. நல்ல உறை எப்படி வேலை செய்யும் என்று எதிரில் வைத்துக் காட்டுவதற்காக.

வளர்மதி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஞாயித்துக்கெழமையும் அதே வேலைதானா?" என்றாள்.

மூன்று மணிக்குத் திறந்தேன். முதல் டம்ளர் உறைந்திருந்தது. இரண்டாவது, வைரஸ் போட்டது, கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு உறைந்திருந்தது. மூன்றாவது பால்.

டம்ளர் மாறிப்போயிருக்கிறது. வளர்மதி அடுப்பங்கரையைத் துடைத்தபோது இடம் மாற்றி வைத்திருப்பாள். கேட்டால் தொடவே இல்லை என்கிறாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

மார்ச் 17, திங்கள்

இந்த முறை டம்ளர் கழுத்தில் நூல் கட்டினேன். வைரஸுக்குச் சிவப்பு, கேனுக்கு மஞ்சள். அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் திறந்து பார்த்தேன். மஞ்சள் நூல் டம்ளரை வளர்மதி என் கையிலிருந்து வாங்கி ஆட்டிப் பார்த்தாள். "இதென்னங்க, இதுல மட்டும் ஒறையவே இல்ல? எந்தத் தயிருங்க இதுக்கு ஊத்துனீங்க?"

பழைய தயிர் என்றேன். இன்று தலைவலி.

மார்ச் 18, செவ்வாய்

ஜெசிந்தா தானாகவே முதலாளியிடம் போய், உறையாத தொட்டியின் தண்ணீரைச் சோதித்ததில் ஃபேஜ் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். எங்களையும் கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாள். தயிர் பாக்டீரியா வெள்ளையாகப் படர்ந்திருக்க, நடுநடுவே பூச்சி அரித்த துணி மாதிரி வட்ட வட்டமாக ஓட்டை.

"இது தயிர்க் கிருமியைத் திங்குற ஃபேஜ் சார். என்னோடது இல்ல. என்னோடதை இதே தட்டுல விட்டுப் பாத்தேன், ஓட்டை விழல. இது எங்கயோ பழைய தயிர்ல தங்கி, திரும்பத் திரும்பத் தொட்டிக்கு வருது" என்றாள்.

அவள் சொன்ன அத்தனையிலும் முதலாளியின் காதில் விழுந்தது ஒரே வார்த்தை. "அப்ப வைரஸ் இருக்குதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க." நாளையிலிருந்து தெளிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார்.

மாலை, கோல்ட் ரூமில் கொஞ்சம் சுத்தம் செய்தேன். அந்தக் கேன் ரொம்பப் பழசாகிவிட்டது. அதிலிருந்ததைக் கொட்டி, காஸ்டிக் சோடா விட்டுக் கழுவி, கொதிநீரில் அலசி, எழுதியிருந்ததையும் சுரண்டி எடுத்தேன். தொட்டி, குழாய் எல்லாவற்றையும் குளோரின் விட்டு இரண்டு முறை கழுவ வைத்தேன். சுத்தம் என்பது எப்போதும் நல்லதுதானே.

மயிலாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள். "ஏனுங்ணா, அந்தக் கேனை யாரையுமே தொட உட மாட்டீங்க. இன்னைக்கு நீங்களே கழுவறீங்க?" பன்னிரண்டு வருடமாக வாயைத் திறக்காதவளுக்கு இன்றைக்கென்று கேள்வி வருகிறது. யார் கேட்கச் சொல்லி அனுப்பினார்கள்?

மார்ச் 19, புதன்

இரண்டு தொட்டியும் உறைந்தன. ஐந்து மணி நேரம், சொல்லி வைத்தாற்போல.

"பாத்தீங்களா, மருந்தை நிறுத்துனதும் தயிரு உறைஞ்சிருச்சு" என்று முதலாளி என் தோளில் தட்டினார். எல்லோர் முன்னாலும். ஜெசிந்தா ஆய்வகக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

மார்ச் 20, வியாழன்

"அண்ணாச்சி, கோல்ட் ரூம் மூலையில சாம்பிள்னு எழுதி ஒரு கேன் இருந்துச்சே, அது எங்க?"

"எந்தக் கேனுங்க?"

"முதல் வாரம் பாத்தேன். தொடாதேன்னு போட்டிருந்தது, தொடல."

"கழுவப் போயிருக்கும்" என்றேன். அவள் அதையும் நோட்டில் எழுதினாள். இவளும் தேதி போட்டு எழுதுகிறாள். இங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை போலிருக்கிறது. மயிலாத்தாள் அவளோடு டீ குடித்ததை மதியம் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு "மீன் விலைங்ணா" என்கிறாள். காங்கயத்தில் என்ன மீன் விலை?

மார்ச் 22, சனி

முதலாளி ஒரு கடிதம் அடிக்கச் சொல்லியிருக்கிறார். ஜெசிந்தாவின் வைரஸால் தயிர் உற்பத்தி கெட்டது என்று அதில் இருக்கும். சுற்று வட்டாரப் பால் கம்பெனிகளுக்கும், அவள் படித்த கல்லூரிக்கும் அனுப்பப்போகிறார். வெள்ளிக்கிழமை அவளை வைத்து ஒரு விசாரணை, அதற்குப் பிறகு அனுப்புவது. சாட்சிக் கையெழுத்து நான்.

சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள். "அந்த லெட்டர் போச்சுன்னா, சாப்பாட்டுக் கம்பெனி எதுலயும் என்னை உள்ள விட மாட்டாங்க அண்ணாச்சி. அஞ்சு வருசப் படிப்பு இது. எனக்காகச் சொல்லுங்கன்னு கேக்கல. தெரிஞ்சது ஏதாவது இருந்தா சொல்லுங்க."

தெரிந்தது ஒன்றுமில்லை என்றேன். அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். இப்படிப்பட்டவர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

ஒன்றுமில்லை. டம்ளர் எதுவும் எடுக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

திருப்பூர்க் கடைக்காரர்கள் மூன்று பேர் போன் செய்திருக்கிறார்கள். தயிர் கெட்டியாக இருக்கிறது, ஆனால் பழைய ருசி இல்லையாம். "மத்த கம்பெனித் தயிரு மாதிரியே இருக்குதுங்க" என்று ஒருவர் சொன்னாராம். அதைவிட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மார்ச் 27, வியாழன்

வளர்மதி சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "அந்தப் புள்ளைய நாளைக்கு அனுப்பீருவாங்களாமா? மயிலாத்தா சொன்னா" என்றாள். ஆமாம் என்றேன்.

"மஞ்சள் நூல் கட்டுனதுல என்ன தயிருங்க இருந்துச்சு?"

இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன். போட்டாள். மறுபடி கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலாளி அறையில் நாங்கள் மூன்று பேர்தான். மேசைமேல் கடிதம், பக்கத்தில் எனக்கு ஒரு பேனா. ஜெசிந்தா நேராக உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் நோட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

"உறையாமப் போனதும் உங்க மருந்தாலதான், இப்ப ருசி போனதும் உங்க மருந்தாலதான்" என்றார் முதலாளி.

"ருசி ஃபேஜால போகாது சார். ருசி உறையில இருந்து வருது. பாக்கெட் உறை போட்டா பாக்கெட் ருசிதான் வரும். முன்னாடி உங்க தயிர்ல இருந்த ருசி இந்தப் பாக்கெட்டுல கிடையாது, நான் உறைய வச்சுப் பாத்துட்டேன். வேற ஒண்ணு தொட்டிக்குள்ள போயிட்டு இருந்திருக்கு. அது நின்னதும் தயிரும் உறைஞ்சிட்டு, ருசியும் போயிட்டு. நான் தெளிக்கிறதை நிறுத்துன அதே நாள்ல அதுவும் நின்னிருக்கு. அதைத்தான் சார் ஒரு வாரமா கேக்கேன்."

முதலாளி கையை வீசினார். "வேற என்னத்தெ போகும்? பாக்கெட் கம்பெனிக்காரன் சரக்கை மாத்தியிருப்பான். அந்த ருசி அவனுது. அவங்கிட்டயே பேசிக்கறேன். நீங்க கையெழுத்துப் போடுங்ணா."

நான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு என் வாய் சொன்னது: "அவனுது இல்லீங்க. அந்த ருசி என்னுது."

அதற்குப் பிறகு நிற்கவில்லை. மழை, கரண்ட் போனது, ஐந்து லிட்டர் கேன், தினம் இரண்டு லிட்டர், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது, வெட்கமாக இருக்கிறது, எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொல்கிறேன். நடுவில் "அந்தத் தித்திப்பு இருக்குது பாருங்க" என்றுகூட ஆரம்பித்துவிட்டேன்.

முதலாளி ஒரே கேள்விதான் கேட்டார். "கேன்லதான் வினைன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டு தடவ டம்ளர்ல பாத்தனுங்க. போன பதினேழாந் தேதியே தெரியும்."

அவர் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்டார், திங்கட்கிழமையிலிருந்து பழையபடி தெளிக்கலாம் என்றார். பதினான்கு வருடமாக அண்ணா என்று கூப்பிட்டவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இவரை நாளையில இருந்து பால் எறக்குற எடத்துக்கு மாத்தீருங்க" என்று போனில் யாரிடமோ சொன்னார்.

வெளியே வந்ததும் ஜெசிந்தா பின்னாலேயே ஓடிவந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன்.

"அண்ணாச்சி, அந்தக் கேன்ல இருந்தது கொஞ்சமாச்சும் இருக்கா?"

"இல்லீங்க. கொட்டிட்டேன்."

"மூடியில ஒட்டினது? ஒரு சொட்டு போதும் எனக்கு."

"காஸ்டிக் போட்டுக் கழுவிட்டனுங்க. கொதிதண்ணி வேற ஊத்தினேன்."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "எல்லாக் கிருமியையும் ஃபேஜால கொல்ல முடியாது அண்ணாச்சி. லட்சத்துல ஒண்ணு அதுக்குத் தப்பிச்சு நிக்கும். அந்த ஒண்ணைப் பிரிச்சு வளத்தா மறுபடி அந்த ஃபேஜ் அதைத் தொட முடியாது. ஒரு வாரம், பத்து நாள் வேலை. உங்க ருசியை உங்க கையிலயே திருப்பித் தந்திருப்பேன். ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லல?"

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். உன்னைச் சந்தேகப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஜெசிந்தாவுக்காகத்தான் உண்மையைச் சொன்னேன் என்று இங்கே எழுத நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? எழுத வரவில்லை. அந்த ருசி இன்னொருத்தனுடையது என்று சொன்னதைப் பொறுக்க முடியாமல் சொன்னேன். அந்த ருசியைக் கொன்றது அவளுடைய வைரஸும் இல்லை, என் கேனில் விழுந்த வைரஸும் இல்லை. பதினெட்டாம் தேதி சாயங்காலம், மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தில், கொதிதண்ணீர் ஊற்றி நான்தான் கொன்றேன்.

மார்ச் 29, சனி

பால் இறக்கும் இடம். முதல் வண்டியில் நாற்பத்திரண்டு கேன்கள். எல்லாவற்றையும் திறந்து மோந்து பார்த்து உள்ளே அனுப்பினேன்.

பதினொரு மணிக்கு மயிலாத்தாள் தயிர்ப் பிரிவிலிருந்து ஒரு கப் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக உறைந்திருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.